உயிர் ஊசியா, செத்த ஊசியா?

கேள்வி: காங்கேயம் பக்கம் கொறங்காட்டில் மாடு மேய்க்கிறோம். ஆறு மாதக் கிடாரிக் கன்று ஒன்றும் ஏழு மாதச் சினைப்பசு ஒன்றும் இருக்கின்றன. சினை கலைந்துபோகிற கன்று வீச்சு நோய்க்கு உயிர்க்கிருமி ஊசி ஒரே தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும், இரண்டுக்கும் போடலாம் என்கிறார் சந்தைத் தரகர். டாக்டரோ சப்பை நோய்க்கும் தொண்டை அடைப்பானுக்கும் வருஷா வருஷம் போடச் சொல்கிறார். எதுங்க பாதுகாப்பு?

பதில்: உயிர்க்கிருமி ஊசியைக் கன்றுக்கு மட்டும் போடுங்கள். சினைப்பசுவுக்குப் போட்டால் அந்த ஊசியாலேயே கன்று வீசிவிடலாம்.

தரகர் சொல்லும் உயிர்க்கிருமி ஊசியின் பெயர் எஸ்-19. 1923-ல் ஒரு ஜெர்சிப் பசுவின் பாலில் கிடைத்த கிருமி, ஆய்வகத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்து தானாகச் சாந்தமானது. சாந்தமானதே தவிர, சாகவில்லை. கன்று வீச்சுக் கிருமி உடம்பின் அணுக்களுக்குள்ளேயே பதுங்கும். அங்கே செத்த கிருமி ஊசி சரியாகக் கைகொடுப்பதில்லை. நாலு முதல் எட்டு மாதக் கிடாரிக்கு, ஒரே தடவை.

சப்பையும் தொண்டை அடைப்பானும் வேறு சாதி. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருந்தாலே அடங்கும். செத்த கிருமி போதும். படிகாரம் கலந்த ஊசி தொண்டை அடைப்பானை நாலிலிருந்து ஆறு மாதம் தாங்கும். எண்ணெய் கலந்தது ஏறக்குறைய ஒரு வருஷம் தாங்கும், ஆனால் குத்திய இடம் கட்டிக்கொள்ளும். சினைக்கு இதில் கிருமிப் பயம் இல்லை. ஏழு மாதத்தில் மாட்டோடு மல்லுக்கட்ட வேண்டாமே என்றுதான், ஈன்றபின் போடச் சொல்வேன்.

இனி அந்தத் தரகர். போன சித்திரையில் ஒரு சந்தையில் இப்படி ஒருவர் சட்டைப்பையிலிருந்து, பீடிக்கட்டோடு, இரண்டு குப்பி எடுத்தார். வாங்கித் தொட்டால் மாட்டு மடி மாதிரிக் கதகதப்பு. தேதி இருந்த இடத்தைச் சுரண்டியிருந்தது. 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய சரக்கு! அந்த வெயிலில் உயிர்க்கிருமியும் செத்திருக்கும், காசுதான் போகும். செத்த கிருமி ஊசியை ஐஸ் பெட்டியில் உறையவைத்துக் கொண்டுவருகிறவர்கள் இன்னொரு கூட்டம். உறைந்தால் அதுவும் வீண்.

எஸ்-19 குப்பியில் பல டோஸ் இருக்கும். "மிச்சம் கிடக்குதுங்க, காளைக்கன்றுக்கும் போட்டுடுங்க" என்பார்கள். கூடாது. விதை வீங்கும். நாளைக்குப் பொலிகாளையாக விற்கலாம் என்று வைத்திருக்கிற காங்கேயம் கன்றென்றால் அத்தனையும் போச்சு. சின்னக் கன்று, பாதி டோஸ், எருதாக்கத்தான் வளர்க்கிறோம் என்று என்ன சமாதானம் சொன்னாலும் கூடாது. ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் மனுஷ டாக்டரிடம் எஸ்-19 என்று பெயர் சொல்லிக் காட்டுங்கள். அந்தக் கிருமியால் மனுஷருக்கும் காய்ச்சல் விட்டுவிட்டு வரலாம்.

சரி, ஜனங்கள் தரகரிடம் ஏன் போகிறார்கள்? தடுப்பூசி முகாம் வரும்போது கன்றுக்கு மூன்று மாதம், "அடுத்த தடவை" என்பார்கள். அடுத்த தடவை ஒன்பது மாதம், "வயசு தாண்டிடுச்சு" என்பார்கள். கன்று பிறந்த தேதியை ஏட்டில் எழுதி என்ன பிரயோசனம்?

உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கன்றின் காது வில்லையில் உள்ள பன்னிரண்டு இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போய், எஸ்-19 எப்போது வரும் என்று கேளுங்கள். வரும் என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள், தேதி கேளுங்கள்.