மொய் நோட்டில் இருப்பது வரவா, கடனா?

கேள்வி: பேராவூரணி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். டீசல், ரிப்பேர் எல்லாம் போக மாதம் 17,000 ரூபாய் வீட்டுக்கு வரும். 80 தென்னை இருக்கிறது. ஒரு வெட்டுக்குக் கூலி போக 12,000 நிற்கும். மகளிர் உரிமைத் தொகை 1,000 வருகிறது. நான்கு வருடம் முன்பு ஆவணியில் மொய் விருந்து வைத்தோம். 7,20,000 வந்தது. விருந்துச் செலவு 1,60,000 போக, மீதியில் வீட்டுக்குக் கான்கிரீட் போட்டு, ஆட்டோக் கடனையும் அடைத்தோம். அதிலிருந்து ஒவ்வொரு ஆடியும் எங்களுக்குத் தலைவலிதான். இந்த வருடம் 38 பத்திரிகை வந்துவிட்டது. 90,000 வேண்டும் என்கிறார் கணவர். கையில் 22,000 இருக்கிறது. தெரிந்த ஒருவர் 3 வட்டிக்குத் தருகிறேன் என்கிறார். போன வருடம் கொழுந்தனார் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தபோது 40,000 கொடுத்தோம். இப்போது வேலைக்குப் போகிறார், ஆனால் கேட்க மனம் வரவில்லை. "இனி யாருக்கும் எதுவும் செய்ய வேண்டாம், மொய்க்கும் போக வேண்டாம், நம்ம சிக்கனத்தை நாம பார்ப்போம்" என்கிறார் கணவர். மகள் கல்லூரியில் முதலாமாண்டு, மகன் ஒன்பதாம் வகுப்பு. மொய் நோட்டின் நகலும் மாதச் செலவுப் பட்டியலும் இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, நோட்டின் நகலை அனுப்பியதற்கு முதலில் நன்றி. பணக் கேள்வி கேட்டு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் கணக்கை அனுப்புவதில்லை, கவலையை மட்டும்தான் அனுப்புகிறார்கள்.

உங்கள் பகுதியைத் தெரியாத வாசகர்களுக்கு இரண்டு வரி. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் கல்யாணம் காதுகுத்து இல்லாமலேயே, மொய் வாங்குவதற்கென்றே ஆடி, ஆவணியில் கறி விருந்து வைப்பார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். அவர்கள் விருந்து வைக்கும்போது மொய் வாங்கியவர்கள் அதைத் திருப்பி எழுத வேண்டும், கொஞ்சம் புது மொய்யும் சேர்த்து. வங்கி கிடையாது, பத்திரம் கிடையாது, வட்டியும் கிடையாது. ஒரு நோட்டும், நாலு பேர் நம்மைப் பேசிவிடுவார்களே என்ற பயமும்தான் ஜாமீன்.

இனி உங்கள் நோட்டு. 7,20,000 முழுவதையும் கடன் என்று நினைத்துத்தான் நீங்கள் மலைத்துப் போயிருக்கிறீர்கள். ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். அதில் 2,90,000 ரூபாய், நீங்கள் முன்பு மற்றவர்களுக்கு எழுதிய மொய் திரும்பி வந்தது. அது உங்கள் பணம், யாருக்கும் பாக்கியில்லை. மீதி 4,30,000 தான் புதிதாக உங்கள் தலையில் ஏறியது. நான்கு வருடத்தில் அதில் 1,55,000 திருப்பிவிட்டீர்கள். ஆக இன்று உண்மையான பாக்கி 2,75,000. அதோடு இதே நான்கு வருடத்தில் நீங்கள் மற்றவர்களுக்குப் புது மொய்யாக எழுதியது 1,10,000. அது உங்களுக்கு வர வேண்டியது. 2,75,000க்கு எதிரே 1,10,000. இப்படிப் பார்த்தால் மூச்சு கொஞ்சம் சீராகிறதா?

நீங்கள் செய்த தவறு என்று ஒன்றைச் சொல்வதானால், மொய் வாங்கியது தவறில்லை. கான்கிரீட் போட்டதும் தவறில்லை. வட்டியில்லாப் பணத்தில் வட்டிக் கடனை அடைத்தது நல்ல வேலை. திரும்பிப் போக வேண்டிய பணத்துக்கு மாதா மாதம் ஒரு ரூபாய்கூட எடுத்து வைக்காததுதான் தவறு. வந்த அன்றைக்கு மொய் வரவு மாதிரி இருக்கும். மறுநாளிலிருந்து அது தவணைத் தேதி போடாத கடன். தேதி போடாததால் மறந்துவிடுகிறோம். ஆடி பிறந்ததும் அது மறக்காமல் வந்து நிற்கிறது.

உங்கள் கணவர் சொல்லும் 90,000க்கு வருகிறேன். 38 பத்திரிகைக்கும் நோட்டில் உள்ள பழைய மொய்யைக் கூட்டினால் 61,000 தான் வருகிறது. மீதி 29,000 அவர் கௌரவத்துக்காகச் சேர்த்திருக்கும் புது மொய். எல்லாருக்கும் புது மொய் எழுதும் வருடமல்ல இது. வாங்கியதை அப்படியே திருப்பி எழுதினால் அந்த வீட்டோடு கணக்கு நேராகிவிடும். கணக்கு நேரானால் உறவு முறிந்தது என்று அர்த்தமில்லை, ஆனாலும் யாரோடு கணக்கைத் தொடர வேண்டும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த 38 பேரையும் கணவரோடு உட்கார்ந்து ஒரு கேள்வி வைத்துப் பிரியுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தது உங்களுக்கு மறந்திருக்காது. உங்கள் தோப்பில் சாய்ந்தது போக நின்றதுதான் இந்த 80 மரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாரம் அரிசியோ, மண்ணெண்ணெயோ, ஜெனரேட்டர் வைத்து ஒரு தொட்டித் தண்ணீரோ கொடுத்தவர்கள் யார்? கொழுந்தனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவு துணைக்குப் படுத்தவர்கள் யார்? அந்த வீடுகளுக்கு 500 ரூபாயாவது புது மொய் சேர்த்து எழுதுங்கள். பத்து வீடு தேறும் என்று வைத்துக்கொள்வோம், 5,000. மற்றவர்களுக்குப் பழையது மட்டும். மொத்தம் 66,000. கையிருப்பு 22,000 போகத் துண்டு விழுவது 44,000.

இந்த 44,000ஐ எங்கே பிடிப்பது?

முதலில் கொழுந்தனார். 40,000த்தைத் திருப்பிக் கொடு என்று கேட்க உங்களுக்குக் கூச்சம். கேட்டால் அவருக்கும் சங்கடம். மொத்தமாக எடுத்துவைக்க அவரிடம் இருக்காது என்றும் தெரிகிறது. பணமாகக் கேட்காதீர்கள். பத்திரிகை வைத்தவர்களில் உங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான உறவுகள் ஆறு பேரை நோட்டில் குறித்திருக்கிறேன். அவர்களுக்கு உங்கள் பாக்கி 12,000. "தம்பி, இந்த வருஷம் இந்த ஆறு வீட்டுக்கும் எங்க பேர்ல நீங்க எழுதிடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கும் ஒரே நாளில் மொத்தமாகக் கொடுக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு விருந்தாகப் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்குக் கணக்கில் 12,000 குறையும், அவருக்கும் கடனில் 12,000 குறையும். ஒத்தாசையைத் திருப்ப ரூபாய்தான் வேண்டும் என்பதில்லையே. என் அனுபவத்தில், உதவி வாங்கியவர்கள் திருப்பித் தராமல் இருப்பதற்குப் பாதிக் காரணம், எப்படித் தருவது என்று யாரும் ஒரு வழியைச் சொல்லாததுதான்.

அடுத்தது ஆடிக்கு முன்னால் வரும் தேங்காய் வெட்டு, 12,000. கடைப் பாக்கிக்கு என்று எழுதியிருந்தீர்கள். மளிகைக்காரர் ஒரு மாதம் பொறுப்பார், விருந்துக்காரர் பொறுக்க மாட்டார். முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள், அது முக்கியம்.

மீதி 20,000. உங்கள் மகளிர் குழுவில் எட்டு வருடமாகச் சேமித்து வருவதாகச் சொல்கிறீர்கள். உள்கடன் கேளுங்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, மாதம் 2,000 அசல், பத்து மாதம். கூட்டிப் பார்த்தால் மொத்த வட்டி 1,100 ரூபாய். அந்த வட்டியும் குழுவின் பொது நிதிக்குத்தான் போகிறது, அதில் உங்களுக்கும் பங்குண்டு.

இதோடு அந்த 3 வட்டியை ஒப்பிடுங்கள். 90,000க்குக் கையிருப்பு போக 68,000 வாங்கியிருப்பீர்கள். மாதம் 2,040 ரூபாய் வட்டி. பத்து மாதத்தில் 20,400 கட்டிய பிறகும் 68,000 அப்படியே நிற்கும். 3 வட்டி என்பதை வருடத்துக்கு மாற்றிச் சொன்னால் 36 சதவீதம். வட்டியே இல்லாத மொய்க் கடனை அடைக்க 36 சதவீதத்தில் வாங்குவது, நிழலில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போய் வெயிலில் உட்காருவது மாதிரி. தவிர, அவர் தொகை போடாத புரோநோட்டில் கையெழுத்துக் கேட்கிறார் என்று ஓரத்தில் சிறிதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். வெற்றுத்தாளில் எந்தக் காரணத்துக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சட்டத்தைத் தேடுவது ரொம்ப நீண்ட வழி. எந்த வழியும் சரிவராமல் போனால், உங்கள் ஐந்து பவுனில் ஒன்றைக் கூட்டுறவு வங்கியில் வைக்கலாம். நகைக்கடனுக்கு வங்கிகளில் வருட வட்டி 3 வட்டியின் பக்கத்தில்கூட வராது.

இப்போது சிக்கனம். பட்டியலைப் பார்த்தேன். ரேஷன் அரிசியை இட்லிக்கும் தோசைக்கும் போட்டு, கடை அரிசியை மத்தியானத்துக்கு மட்டும் வைத்திருக்கிறீர்கள். மகள் டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போய் வருகிறாள். மகள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வர வேண்டும். அதைப் பட்டியலில் காணோம். கல்லூரி அலுவலகத்தில் இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள். சமையலறையில் குறைக்க இனி ஒன்றும் இல்லை. பால், முட்டையில் கை வைக்காதீர்கள்.

ஆனால் பட்டியலில் ஒரு வினோதம் கவனித்தேன். சோப்பு, ஷாம்பு பாக்கெட், தையல் நூல் வரை எழுதியிருக்கிறீர்கள். கணவரின் கைச்செலவு ஒரு வரிகூட இல்லை. ஆட்டோ ஸ்டாண்டில் டீ, வடை, நண்பர்களோடு சாயங்காலச் செலவு, ஆன்லைன் ரீசார்ஜ், எதுவும் இல்லை. குற்றம் சொல்லவில்லை, நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவருக்கு டீ வேண்டும். ஆனால் நாளைக்கு 100 ரூபாய் என்றால் மாதம் 3,000. வீட்டின் சிக்கனம் முழுவதையும் சமையலறையிலேயே தேடுவது நம் ஊர்ப் பழக்கம். அவர் ஒரு மாதம், ஒரே ஒரு மாதம், தன் போனில் எழுதி வைக்கட்டும். குறைக்கச் சொல்லாதீர்கள். எழுதினாலே கொஞ்சம் குறையும்.

அதில் 1,000, மகள் பணத்திலிருந்து அவளுடைய புத்தகம் போக 500, இரண்டு மாதத்துக்கு ஒரு தேங்காய் வெட்டு என்று வைத்து வெட்டுக்கு 3,000, அதாவது மாதம் 1,500. இதை வைத்து ஆவணி முடிந்ததும் வங்கியில் மாதம் 3,000 ரூபாய்க்கு ஒன்பது மாத ஆர்.டி. (தொடர் சேமிப்பு) தொடங்குங்கள். அடுத்த ஆடிக்குச் சற்று முன்னால் அது முதிர்ந்து 27,000க்கு மேல் கையில் நிற்கும். குழுக் கடன் தவணையும் அதே நேரத்தில் ஓடும் என்பதால் முதல் வருடம் இறுக்கமாகத்தான் இருக்கும், மறைக்கவில்லை.

யார் எந்த வருடம் விருந்து வைத்தார்கள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பெரும்பாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதானே வைக்கிறார்கள்? நோட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அவர்களின் அடுத்த முறை எப்போது என்று பென்சிலால் குறியுங்கள். தேதி இல்லாத கடனுக்கு நீங்களாகவே தேதி போட்டுக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்.

மொய்க்கே போகாமல் இருந்துவிட்டால் என்ன என்ற கேள்விக்கு: முடியாது. பாக்கி 2,75,000 இருக்கிறது, கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கு மேலும் ஒன்று. கணவர் வண்டி ஓட்டுகிறவர். நாளை அவருக்கு ஒன்று என்றால் முதல் இரண்டு நாள் செலவுக்கு வங்கி வராது, பக்கத்து வீடுதான் வரும். சிக்கனத்தில் வெட்ட வேண்டியது விருந்துச் செலவை. ஆட்களோடு உறவை வெட்டினால், பிறகு அவர்கள் செய்வதையெல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும், அது கட்டுப்படியாகாது. (அவர் வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். விபத்தில் உயிரிழப்பு என்றால் 2 லட்சம். 20 ரூபாய்தான், ஒரு டீயும் வடையும்.)

அடுத்த ஆவணியில் உங்கள் முறை வருகிறது, இந்தத் தடவை பெரிதாக வைக்க வேண்டும் என்கிறார் கணவர். வேண்டாம். போன தடவை தனியாக வைத்து 1,60,000 செலவு செய்தீர்கள். வந்ததில் ரூபாய்க்கு 22 காசு ஆட்டுக்கும் பந்தலுக்கும் போயிருக்கிறது. வட்டியில்லாக் கடன் என்கிறோம், ஆனால் விருந்துச் செலவுதான் அதன் வட்டி. உங்கள் பக்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில், ஒரே சமையலில் வைக்கிறார்களே, அதில் சேர்ந்துகொள்ளுங்கள். வரும் பணத்தில் உங்களுக்குத் திரும்பி வரும் மொய் எவ்வளவு, புதிதாக ஏறும் கடன் எவ்வளவு என்று அன்று ராத்திரியே பிரித்து எழுதிவிடுங்கள். ஒரு வாரம் தள்ளினால் எல்லாமே நம் பணம் மாதிரித் தெரிய ஆரம்பித்துவிடும்.

குழுக் கூட்டம் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. ஆடி நெருங்கினால் உங்களைப் போலவே இன்னும் நாலு பேர் உள்கடன் கேட்பார்கள். அடுத்த கூட்டத்திலேயே முதலில் கேட்டுவிடுங்கள்.