ஸ்பிரிங்கா, பிசிபியா? துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கு

சென்ற மாதம் ஏர் ரைபிள் பற்றி இரண்டு வரி எழுதினேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த வாரம் முழுக்க அதுதான்.

மகள் ஒன்பதாம் வகுப்பு. துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. சொந்தமாக வேண்டும் என்கிறாள். கடையில் ஸ்பிரிங் ஏர் ரைபிள் 14,000 சொல்கிறார்கள், பிசிபி (முன்பே காற்று அடைத்து வைக்கும் வகை) 48,000. எதை வாங்குவது?
– ஒரு தாய், ஓசூர்

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் அம்மா. பயிற்சி மையத்துத் துப்பாக்கியிலேயே இன்னும் ஆறு மாதம் சுடட்டும். அதற்குப் பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் பிசிபி வாங்குங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

ஸ்பிரிங் வகையில் குழலை மடக்கும்போது உள்ளே கனத்த ஸ்பிரிங் சுருங்கி நிற்கும். விசையை அழுத்தினால் அது பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் நெருக்குகிற காற்றுதான் பெல்லட்டை, அதாவது சின்னக் குண்டை, துரத்துகிறது. பெல்லட் குழலை விட்டு வெளியே வருவதற்குள் துப்பாக்கி ஒரு குலுங்கு குலுங்கிவிடும். இறுக்கிப் பிடித்தால் ஒரு இடத்தில் படும், தளர்த்திப் பிடித்தால் வேறு இடத்தில் படும். தோட்டத்தில் தகர டப்பா சுடுவதற்கு இது குறையே இல்லை. 10 மீட்டர் போட்டியில் 10 புள்ளிக்கான வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். கற்றுக்கொள்கிற பிள்ளைக்குத் தப்பு தன்னுடையதா துப்பாக்கியுடையதா என்றே தெரியாமல் போகும். இன்று போட்டிகளில் சுடுகிறவர்கள் கையில் இருப்பதெல்லாம் காற்று நிரப்பிய வகைதான்.

பிசிபியில் காற்று முன்பே ஒரு சிலிண்டரில் அடைபட்டிருக்கும். உதையே தெரியாது. ஆனால் 48,000 என்பது துப்பாக்கிக்கு மட்டும். காற்றை எங்கே நிரப்புவீர்கள் என்று கடைக்காரர் சொன்னாரா? கார் டயரில் 30, 35 பவுண்டு அழுத்தம்தான் இருக்கும். இந்தச் சிலிண்டருக்குச் சுமார் 200 பார், அதாவது ஏறக்குறைய 3,000 பவுண்டு. பெட்ரோல் பங்க் காற்று இதற்கு ஆகாது.

நான்கு வருடம் முன்பு நான் பிசிபி வாங்கியபோது பம்ப் தனி என்று கடையில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் காற்றில்லாத துப்பாக்கி ஒன்றுதான் இருந்தது. பிறகு மலிவாக ஒரு கை பம்ப் வாங்கினேன். ஈரத்தை வடிகட்டும் அமைப்பு அதில் சரியில்லை. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வால்வு துருப்பிடித்து, இரவில் நிரப்பி வைத்தால் காலையில் காற்று இருக்காது. அந்தப் பம்பின் கடைசி இருபது அழுத்துக்கு நானே உடம்பு எடை முழுவதையும் போட வேண்டியிருந்தது. உங்கள் மகளால் முடியாது. அதனால் துப்பாக்கி, நல்ல பம்ப், உதிரி ஓ-ரிங் (காற்றுக் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), பூட்டுள்ள பெட்டி எல்லாவற்றையும் ஒரே ரசீதில் விலை கேளுங்கள். பயிற்சி மையத்திலேயே காற்று நிரப்பித் தருவார்களா என்றும் கேளுங்கள். தருவார்கள் என்றால் பம்ப் செலவு மிச்சம்.

குழலுக்குள் தேங்காய் எண்ணெய் விட்டால் வேகம் கூடும் என்கிறார் நண்பர். உண்மையா?
– ஊத்தங்கரை

எண்ணெய் விடவே விடாதீர்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் காற்று நெருங்கும் சூட்டில் எண்ணெய் தீப்பிடித்துப் புகையும், சீல் போய்விடும்.

ஒரு பெட்டியில் 1,000 அடி வேகம், இன்னொன்றில் 800 அடி என்று போட்டிருக்கிறது. விலை ஒன்றுதான். 1,000 அடிதானே நல்லது?
– பர்கூர்

இந்த எண்ணைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். எத்தனை பேர் இதை நம்பிப் பணத்தைக் கொட்டியிருக்கிறார்கள்! கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள வேண்டுமானால் குழல் 4.5 மி.மீ., பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூல், இதற்கு மேல் போகக் கூடாது. சாதாரண ஈய பெல்லட் ஏறக்குறைய அரை கிராம். அது நொடிக்கு 1,000 அடி வேகத்தில் போனால் ஆற்றல் 23 ஜூல். சட்ட வரம்பைத் தாண்டிவிட்டது! அப்படியானால் பெட்டியில் போட்டிருப்பது பொய், அல்லது 0.35 கிராம் மாதிரி எடை குறைந்த பெல்லட்டைப் போட்டு அளந்த வேகம். அந்தப் பெல்லட்டில் 1,000 அடி என்பது 16 ஜூல்தான். கடையில் உங்களுக்குக் கொடுப்பது ஈய பெல்லட். அதைப் போட்டால் வேகம் இறங்கிவிடும். எந்த எடைக்கு எந்த வேகம் என்று எழுதாத பெட்டியில் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

வேகம் கூடினால் குறி கூடும் என்பதும் தவறு. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைபிளில். அந்த வகைப் போட்டித் துப்பாக்கிகள் 600 அடியைக் கூடத் தொடுவதில்லை.

கடைக்குப் போனால் வேகத்தைக் கேட்காதீர்கள். ஒரே பெல்லட் டப்பாவிலிருந்து பத்து எடுத்து, துப்பாக்கியை மணல் மூட்டை மேல் வைத்து, 10 மீட்டரில் சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். பத்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் வாங்குங்கள். சுட்டுக் காட்ட இடமில்லை என்கிற கடையும், அடையாள அட்டை நகல் கேட்காமல் விற்கிற கடையும் நமக்கு வேண்டாம்.

ஸ்பிரிங் ரைபிளுக்கு 1,200 ரூபாய் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) போதுமா?
– போச்சம்பள்ளி

போதாது. முன்னும் பின்னும் குலுங்கும் அதிர்ச்சியைத் தாங்கும் ஸ்கோப் தனியாக வரும், அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். நான் மலிவில் வாங்கியதில் மூன்றாம் நாளே உள்ளே இருந்த குறுக்குக்கோடு திரும்பிக்கொண்டது.

தக்காளித் தோட்டத்தில் மயில் தொல்லை. இரவில் பன்றி வேறு. எந்த ஏர் கன் சரிப்படும்?
– பாலக்கோடு

எதுவும் சரிப்படாது. மயிலைச் சுட்டால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறைக்குப் போவீர்கள். பன்றியை ஏர் கன்னால் சுட்டால் அது காயத்தோடு பக்கத்துத் தோட்டக்காரர் மேல் பாயும். பயிர்ச் சேதத்தைப் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து இழப்பீடு கேளுங்கள்.

அண்ணன் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இலக்கு அட்டை சுட செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் வாங்கப் போகிறாராம். ஏஆர் வகையா, ஏகே வகையா என்று குழம்புகிறார். திரும்பி வரும்போது இங்கே கொண்டுவர முடியுமா?
– காவேரிப்பட்டணம்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: முடியாது. செமி ஆட்டோமேட்டிக் ரைபிள், அதாவது ஒருமுறை சுட்டதும் அடுத்த குண்டு தானே ஏறிக்கொள்வது, நம் ஆயுதச் சட்டத்தில் தடை செய்யப்பட்ட வகை. பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே கைது.

அங்கே அட்டை சுட மட்டும் என்றால் ஏஆர் வகை. ஏஆர் என்பது ஆர்மலைட் என்ற நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. யூஜின் ஸ்டோனர் வடிவமைத்தது, 1959-இல் உரிமை கோல்ட் நிறுவனத்துக்குப் போனது. அதன் 5.56 குண்டு ஏறக்குறைய 3.6 கிராம், அதனால் உதை குறைவு. மேலே நேரான தண்டு இருப்பதால் ஸ்கோப் ஆடாமல் உட்காரும். ஆனால் வெடிப்புகை குழாய் வழியாக உள்ளே வந்து கரி படியும், சுத்தம் செய்யச் சோம்பல்படக் கூடாது. ரஷ்யரான கலாஷ்னிகோவின் 1947 வடிவத்திலிருந்து வந்த ஏகே வகையில் பாகங்கள் சற்றுத் தளர்வாகப் பொருந்தியிருக்கும், புழுதியும் சேறும் பட்டாலும் ஓடும். பழைய 7.62 குண்டு 8 கிராம், தோளில் நன்றாகவே இடிக்கும். மேல்மூடி கழற்றுகிற தகடு என்பதால் ஸ்கோப்பைப் பக்கவாட்டில்தான் மாட்ட வேண்டும். அண்ணனை இரண்டையும் வாடகைக்கு எடுத்து ஒரு நாள் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள்.

தெரிந்தவரிடம் பழைய ஏர் ரைபிள் 9,000 கொடுத்து வாங்கினேன். உள்ளே துரு. பணம் திரும்பக் கிடைக்குமா? ரசீது இல்லை.
– தர்மபுரி

சுட்டும் பார்க்கவில்லை, குழலுக்குள் வெளிச்சம் அடித்தும் பார்க்கவில்லை, ரசீதும் வாங்கவில்லை. கிடைக்காது.

போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து பிசிபிக்கு 18,500 அனுப்பினேன். பிறகு "போலீஸ் கிளியரன்ஸ்" என்று 4,000 கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். இப்போது நம்பர் அணைந்துவிட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
– அரூர்

தம்பி, முதலில் வீட்டில் சொல்லுங்கள். உங்களை ஏமாற்றியவர்கள் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல. இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணம் வேறு கணக்குக்குப் போகாமல் தடுக்க வாய்ப்பு உண்டு. பணம் அனுப்பிய எண், நேரம், அவர்கள் அனுப்பிய படங்கள், குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். உங்கள் வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள்.

விற்றவர் உண்மையான கடை என்று தெரியவந்தால் வழி வேறு. 1915 நுகர்வோர் உதவி எண். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மனு எழுதத் தெரியவில்லை என்றால் தாள்களை எனக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.