பைனரி கோப்பைப் படிக்க பைத்தானின் ஸ்ட்ரக்ட் மாட்யூலே போதுமா?

நீங்கள் கேட்டது இது: ஒரு கருவி எழுதித் தரும் பைனரி கோப்பு, முதலில் 20 பைட் ஹெட்டர், பிறகு 12 பைட் பதிவுகள் வரிசையாக (2 பைட்டில் அடையாள எண், 4 பைட்டில் நேரம், 2 பைட்டில் நிலை, 4 பைட்டில் ஒரு ஃப்ளோட், அதாவது தசம எண்). இதைப் படிக்க பைத்தானோடு வரும், பைட்டுகளை எண்களாக மாற்றித் தரும் ஸ்ட்ரக்ட் மாட்யூல் போதுமா, இல்லை தனியாக லைப்ரரி ஏதாவது இன்ஸ்டால் செய்ய வேண்டுமா?

தாராளமாகப் போதும். ஆனால் ஃபார்மட் ஸ்ட்ரிங்கின் (எந்த வகை மதிப்பு எந்த வரிசையில் வருகிறது என்று எழுத்துகளால் சொல்லும் சரம்) தொடக்கத்தில் பைட் வரிசையைச் சொல்லும் குறியைப் போடாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை விட்டுவிட்டு ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன்.

அன்று பிஎம்பி படம் ஒன்றின் ஹெட்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். அது 14 பைட்: 'பி', 'எம்' என்ற இரண்டு எழுத்து, 4 பைட்டில் கோப்பின் அளவு, 2 பைட்டாக இரண்டு காலி இடம், கடைசி 4 பைட்டில் படத்தின் தரவு கோப்பில் எங்கே தொடங்குகிறது என்ற எண். அதே வரிசையில் எழுத்துகளைப் போட்டு 14 பைட்டைக் கொடுத்தால், 16 பைட் வேண்டும் என்று எரர் வந்தது. சரி என்று யோசிக்காமல் 16 பைட் கொடுத்தேன், எரர் போய்விட்டது, அங்கேதான் வினையே தொடங்கியது. 30054 பைட் உள்ள கோப்புக்கு அளவு 0 என்றது, தரவு தொடங்கும் இடம் 2621440 என்றது. காலியாக இருக்க வேண்டிய இரண்டாவது இடத்தில் 54 உட்கார்ந்திருந்தது. அந்த 54தான் உண்மையில் தரவு தொடங்கும் இடம், ஒரு கட்டம் தள்ளி வந்துவிட்டது!

காரணம் இதுதான். முதலில் குறி எதுவும் போடாவிட்டால், சி கம்பைலர் நினைவகத்தில் அடுக்குவது மாதிரியே அடுக்கியிருக்கும் என்று ஸ்ட்ரக்ட் எடுத்துக்கொள்ளும். 4 பைட் எண் 4இன் மடங்கில்தான் தொடங்க வேண்டும் என்பதால், முதல் இரண்டு எழுத்துக்குப் பிறகு 2 பைட்டைத் தாண்டிப் போய்விடும். அந்த 2621440 வேறொன்றுமில்லை, 40 பெருக்கல் 65536. அடுத்த ஹெட்டரின் நீளமான 40 இங்கே நழுவி வந்திருக்கிறது. முதலில் '<' போட்டதும் இடைவெளி போய் அளவு சரியாக 14 ஆனது.

'<' என்றால் லிட்டில் எண்டியன் (எண்ணின் சிறிய மதிப்புள்ள பைட் முதலில்), '>' என்றால் பிக் எண்டியன் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்), '!' என்றால் நெட்வொர்க் வரிசை, அதுவும் பிக் எண்டியன்தான். எது என்பதை உங்கள் கருவியின் ஆவணத்தில் பாருங்கள், ஊகிக்காதீர்கள். மாற்றிப் போட்டால் 4 பைட்டில் இருக்கும் 1 என்ற எண் 16777216 என்று வரும். சில வகை எழுத்துகளின் அளவும் குறி போடாவிட்டால் கணினிக்குக் கணினி மாறும்: சியின் லாங் 64 பிட் லினக்ஸில் 8 பைட், விண்டோஸில் 4. குறி போட்டால் எங்கேயும் 4தான். கோப்புக்கும் நெட்வொர்க்குக்கும் இந்த இயல்புநிலை பொருந்தாது, அது சி நிரலோடு நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ள வைத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. கோ மொழியின் பைனரி பேக்கேஜில் ரீட் ஃபங்ஷனை அழைக்கும்போது பைட் வரிசையையும் கொடுத்தே ஆக வேண்டும், அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

உங்கள் பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். குறி இல்லாமல் எழுதினால் நேரத்துக்கு முன்னால் 2 பைட், ஃப்ளோட்டுக்கு முன்னால் 2 பைட் சேர்ந்து 12 என்பது 16 ஆகிவிடும். அதனால் ஒரு ஃபார்மட் எத்தனை பைட் என்று சொல்லும் கால்க்சைஸ் ஃபங்ஷனைக் கூப்பிட்டு 12 வருகிறதா என்று பார்க்கும் ஒரு வரியை நிரலிலேயே வைத்துவிடுங்கள். நான் ஒவ்வொரு ஃபார்மட்டுக்கும் இதை வைக்கிறேன். நீங்களே எழுதி நீங்களே படிக்கும் டெஸ்ட்டை நம்ப வேண்டாம், இரண்டு பக்கமும் ஒரே தவறு இருந்தால் டெஸ்ட் பாஸ் ஆகிவிடும்.

ஸ்ட்ரக்ட் கை கொடுக்காத இடங்களும் உண்டு. ஒரு பைட்டுக்குள் இரண்டு மதிப்பு இருந்தால் நீங்கள்தான் பிரிக்க வேண்டும். இணையத்தில் தரவு போகும் ஐபிவி4 பாக்கெட்டின் முதல் பைட் பெரும்பாலும் 69 என்றிருக்கும், அதை 4 பிட் வலப்பக்கம் தள்ளினால் பதிப்பு 4, கீழ் 4 பிட்டை எடுத்தால் ஹெட்டர் நீளம் 5 (4 பைட் அலகில்). எர்லாங் என்ற நிரல் மொழியில் '4 பிட், 4 பிட்' என்று மொழியிலேயே எழுதிவிடலாம், பைத்தானில் அந்த வசதி இல்லை. நீளம் மாறும் சரம் இருந்தால் முதலில் நீளத்தைப் படித்து, அப்புறம் அத்தனை பைட்டை வெட்டி எடுக்க வேண்டும். ஒரு புலத்தின் மதிப்பைப் பொறுத்து அடுத்த பகுதியின் அமைப்பே மாறும் என்றால் கைட்டாய் ஸ்ட்ரக்ட் மாதிரி ஒன்றுக்குப் போங்கள், அங்கே அமைப்பை ஒரு கோப்பில் விவரித்தால் படிக்கும் நிரலை அதுவே உருவாக்கித் தரும்.

உங்கள் கோப்பில் அப்படி எதுவும் இல்லை. முதல் 20 பைட்டை ஒரு ஃபார்மட்டால் படியுங்கள், மீதியை இட்டர் அன்பேக்கிடம் கொடுத்தால் பதிவுகள் ஒவ்வொன்றாக வரும். மீதி 12ஆல் மீதமின்றி வகுபடாவிட்டால் எரர் தரும், கருவி எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோன கோப்புகளில் இப்படி ஆகலாம், ஆகவே கடைசி அரைகுறைப் பதிவை முன்பே வெட்டிவிட்டுக் கொடுங்கள்.