கடுவன் பூனை பீச்சிய அறையும் குளோரின் வாளியும்

கேள்வி: எங்கள் கடுவன் பூனைக்கு ஒன்றரை வயது. இரண்டு மாதமாகச் சாமியறைச் சுவரிலும் அலுமாரிக்குப் பின்னாலும் மூத்திரம் பீச்சுகிறது. மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அந்த நாற்றம் வயிற்றுப் பிள்ளையின் கண்ணைப் பாதிக்கும் என்று வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. பயத்தில் தினமும் குளோரின் தூள் கரைத்துக் கழுவுகிறோம். மணம் போகாததால் டொய்லெற் கழுவும் அசிட்டும் ஊற்றினோம், பூச்சி உருண்டையும் போட்டோம். போன சனிக்கிழமை மகளும் கூட நின்று கழுவினாள். கண் எரிந்து, இரவு முழுக்க இருமினாள். பிரிற்றன் கொடுத்தேன். பூனையைக் கொண்டுபோய் விடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்:

அம்மா, பூனைக்குப் பிறகு வருவோம். மகள் இரவு முழுக்க இருமினாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்குப் பயம் தந்தது அந்த வரிதான்.

பூனை மூத்திரத்தில் இருக்கும் யூரியாவைக் கிருமிகள் உடைக்க அமோனியா உண்டாகும். அதன்மேல் குளோரின் தண்ணீர் பட்டால் குளோரமீன் என்ற வாயு எழும்பும். டொய்லெற் அசிட்டைக் குளோரினோடு சேர்த்தால் குளோரின் வாயுவே கிளம்பும். ஒரு சின்னச் சாமியறைக்குள் நீங்கள் இரண்டையும் செய்திருக்கிறீர்கள். இந்த வாயுக்கள் கண், தொண்டை, மூச்சுக்குழாய் என்று ஈரமுள்ள இடத்தில் கரைந்து அங்கேயே புண்ணாக்கும். மகளின் கண் எரிந்தது அதனால். பூனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வெளியே நல்ல காற்றுக்கு வந்து ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் எரிவு அடங்கிவிட்டால் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. கண்ணைப் பீலித் தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவினால் போதும். ஆனால் நிற்காத இருமல், மூச்சில் விசில் போல இழுப்பு, நெஞ்சு இறுக்கம், ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாமை, இவற்றில் ஒன்று வந்தாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இதில் ஆளை ஏமாற்றுவது என்னவென்றால், இவை உடனே வராமல் பல மணித்தியாலம் கழித்தும் வரலாம். பகலில் கழுவிவிட்டுச் சும்மா இருந்தவர் இரவு படுத்தபின் மூச்சு முட்டி எழும்புவார். நுரையீரலில் நீர் கோர்ப்பதால் வருவது அது. தாயின் இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்தால் பிள்ளைக்கும் குறையும். நீங்கள் அஞ்சிய ஆபத்து நிஜமாகவே இருப்பது இந்த இடத்தில்தான்.

ஆகவே மகளுக்கு இன்றும் இருமலோ இளைப்போ இருந்தால் மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள். திருகோணமலைப் பொது வைத்தியசாலை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இப்போதே கூட்டிப்போங்கள். மூச்சு இளைத்தால் 1990க்கு எடுத்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். எதனோடு எதைக் கலந்தீர்கள் என்று டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், போத்தல் லேபலைப் போனில் படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இருமல் முற்றாக நின்றுவிட்டதென்றால் அடுத்த கிளினிக்கில் சொன்னால் போதும்.

பிரிற்றன் ஒவ்வாமைக்கான குளிசை. வாயு சுட்ட தொண்டைக்கு அது ஒன்றும் செய்யாது, நித்திரையைத்தான் கொண்டுவரும். மூச்சு மோசமாகிறதா என்று விழித்திருந்து பார்க்க வேண்டிய இரவில் மகளைத் தூங்க வைத்திருக்கிறீர்கள். மேசை லாச்சியில் மிஞ்சிக் கிடக்கும் குளிசை கர்ப்பிணிக்கு மருந்தில்லை.

அந்த வீடியோ எங்கேயோ கேட்டதைத் திரித்தது. டொக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொற்றினால் பிள்ளையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கக்கூடும், அவ்வளவுதான் அதில் உண்மை. அந்தக் கிருமி பூனையின் மலத்தோடு வெளியேறுவது. மூத்திரத்தால், மணத்தால், மயிரால் வராது. மலத்திலும்கூட, பூனைக்கு முதன்முறை தொற்றிய பிறகு ஒன்று முதல் மூன்று கிழமை வரைதான் பெரும்பாலும் வெளியேறும். அந்த மலம் ஒரு நாளாவது கிடந்த பின்னரே மற்றவருக்குத் தொற்றும். எனவே பூனையின் மணல் தட்டைத் தினமும், மகளைத் தவிர வேறு யாராவது, துப்பரவாக்கினால் சரி.

உங்கள் வளவில் வல்லாரைப் பாத்தி இருந்தால், இதைவிட எனக்குச் சந்தேகம் அதில்தான். ஊர்ப் பூனைகளெல்லாம் வந்து கிளறிப் புதைப்பது ஈரமான அந்த மண்ணைத்தானே? பிள்ளை பிறக்கும்வரை மகளுக்கு வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போட வேண்டாம், வறையாக்கிக் கொடுங்கள். அந்தக் கிருமியின் முட்டைகளை உப்புத் தண்ணீரோ வினாகிரியோ கொல்லாது, சூடுதான் கொல்லும். இறைச்சியும் நன்றாக வேக வேண்டும்.

இனி நாற்றம். கடுவன் மூத்திரத்தில் ஃபெலினின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. அது மெல்ல மெல்ல உடைந்து கந்தகம் கலந்த சேர்வையை விடும். மூக்கைத் துளைப்பது அதுதான். சுண்ணாம்புச் சுவருக்குள் ஊறிவிட்டால் காய்ந்து கிடக்கும்வரை பேசாமல் இருக்கும், ஈரம் கண்டதும் எழும்பும். கச்சான் வீசும்போது போய்விட்டது என்று நினைத்த மணம், வாடை மழை விழுந்ததும் திரும்பி வருவது அதனால்.

முதலில் மகளை வெளியே இருத்தி, யன்னல் கதவெல்லாம் திறந்து, குளோரினும் அசிட்டும் முற்றாகப் போகும்வரை வெறும் தண்ணீரால் இரண்டு நாள் கழுவுங்கள். பிறகு இரவில் லைற்றை அணைத்துவிட்டு, காசுத்தாள் பார்க்கும் ஊதா ரோர்ச்சைச் சுவருக்குக் கிட்டப் பிடித்தால் மூத்திரம் பட்ட இடம் மங்கலாக ஒளிரும். சோக்கால் சுற்றிக் கோடு போடுங்கள். பீச்சல் விழுவது நிலத்திலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில், அங்கிருந்து வழிந்து சுவரும் நிலமும் சேரும் வெடிப்புக்குள் இறங்கும். நிலத்தை மட்டும் தேய்ப்பவர்களுக்கு மணம் போகாதது இதனால்தான்.

என்சைம் உள்ளது என்று பெட்டியில் போட்டிருக்கும் சலவைத் தூள் 100 கிராமை ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரையுங்கள். கொதிதண்ணீர் என்சைமைக் கெடுத்துவிடும், குளோரினும் கெடுக்கும். கோடு போட்ட இடம் ஊறும்வரை நனைத்து, மேலே பொலித்தீனை விரித்து ஓரத்தை ரேப்பால் ஒட்டி, விடியும்வரை விடுங்கள். ஈரம் இருக்கும்வரைதான் என்சைம் வேலை செய்யும், அவசரப்பட்டுத் துடைத்துவிட்டால் செய்தது வீண். காலையில் பச்சைத் தண்ணீரால் கழுவி உலரவிட்டு, சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். பெயின்ற் கழருமா என்று ஒரு மூலையில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சாமியறை என்பதால் இன்னொன்று: ஸ்பிரிட் மணம் முற்றாகப் போகும்வரை விளக்கும் கற்பூரமும் கொளுத்தக் கூடாது, பற்றிக்கொள்ளும். மூன்று முறை செய்தும் போகாவிட்டால் அந்த அளவுக்குச் சுண்ணாம்பைச் சுரண்டிப் புதிதாக அடியுங்கள். அலுமாரியின் பின்பலகை ஊறிப் பொருமியிருந்தால் கழுவி மெனக்கெட வேண்டாம், பலகையை மாற்றுங்கள். டெற்றோலும் பினாயிலும் மணத்தை மூடுமே தவிர எடுக்காது. காலில் பட்டதைப் பூனை நக்கினால் அதற்கு நஞ்சு.

நலமடிக்காத கடுவன் பீச்சுவது நோயில்லை, தன் எல்லையைக் காட்டுகிறது. நலமடித்தால் பத்துக் கடுவன்களில் ஒன்பது அளவில் பீச்சுவது குறையும் அல்லது நின்றுவிடும். சிலதுக்கு உடனே, சிலதுக்குச் சில மாதம் எடுக்கும். கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோகும்போது விசர்நோய்த் தடுப்பூசியையும் போட்டுவிடுங்கள். மீன் வெட்டிய குடலையும் செதிலையும் வேலியோரம் வீசாதீர்கள். அதற்கு வரும் அயல் கடுவன்களை யன்னலால் கண்டாலும் உங்களுடையது உள்ளே பீச்சும். பூனையைக் கொண்டுபோய் விடுவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வாலைத் தூக்கிப் பீச்சாமல், குந்திக் குந்தி முக்கியும் சொட்டுக்கூட வரவில்லையென்றால் மூத்திரக் குழாய் அடைத்திருக்கிறது. அன்றைக்கே காட்டாவிட்டால் பூனை செத்துப்போகும்.

பூச்சி உருண்டைகளை இன்றே எடுத்துவிடுங்கள். நப்தலீன் உருண்டையென்றால், ஜி6பிடி என்ற, இரத்தச் சிவப்புக் கலங்களைக் காக்கும் என்சைம் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைக்கு, அந்த உருண்டையோடு கிடந்த துணியை உடுத்தினாலே இரத்தக் கலங்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகலாம். பிள்ளைக்கென்று எடுத்த துணிகள் அந்த அலுமாரியில் இருந்தால், வெளியே எடுத்து இரண்டு தரம் தோய்த்து வெயிலில் காயப்போட்டு வேறு பெட்டியில் வையுங்கள்.