ஜீப்ரா கோடு கேட்டு மனு கொடுத்தாயிற்று, அடுத்து என்ன?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஊர் நடுவே போகிற பஸ் ரோட்டுக்கு ஒரு பக்கம் பள்ளிக்கூடம், மறுபக்கம் குடியிருப்பு. பிள்ளைகள் கடக்க ஜீப்ரா கோடு போட்டுத் தரச் சொல்லி ஊராட்சியில் பலமுறை மனு கொடுத்தும் பதிலே இல்லை. யாரைப் பார்ப்பது? (வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: முதலில் அந்த ரோடு யாருடையது என்று பாருங்கள். பஸ் ஓடும் ரோடு பெரும்பாலும் ஊராட்சிக்குச் சொந்தமாக இருக்காது. தலைவருக்கு மனமிருந்தாலும் அதில் ஒரு கோடு போட அவருக்கு அதிகாரம் கிடையாது. ஓரத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. மாவட்ட முக்கியச் சாலைகளும் இதர மாவட்டச் சாலைகளும்கூட மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்புதான். ரோடு அந்தத் துறையினுடையது என்றால் மனு போக வேண்டியது கோட்டப் பொறியாளர், நெடுஞ்சாலை, கட்டுமானம் மற்றும் பராமரிப்பு என்ற முகவரிக்கு. நகல் ஒன்று காவல் ஆய்வாளருக்கு, இன்னொன்று மாவட்ட ஆட்சியருக்கு. மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் ஆட்சியர்தான் என்பதால் அந்த நகலை விட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும்.

‘பள்ளி அருகே’ என்று மட்டும் எழுதினால் பொறியாளருக்கு எதுவும் புரியாது. இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என்று எண் போட்ட சிறு கற்கள் இருக்கும். 14-வது கிலோமீட்டர் கல்லைத் தாண்டி 6 போட்ட கல் என்றால் ‘கி.மீ. 14/6’ என்று எழுதுங்கள். மதிப்பீடும் பணி ஆணையும் அந்த எண்ணில்தான் போடுவார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் தீர்மானம் போட்டு நகலை இணைத்தால் அது ஊரின் கோரிக்கையாகப் பதிவாகும்.

பதில் வராவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். ‘ஏன் போடவில்லை?’ என்று கேட்காதீர்கள், விளக்கம் தரக் கடமையில்லை என்று திருப்பிவிடுவார்கள். மனுவின் மீது எழுதிய அலுவலகக் குறிப்பின் நகல், தள ஆய்வு அறிக்கையின் நகல், மதிப்பீட்டின் நகல் என்று தாள்களாகக் கேளுங்கள். ஆய்வே நடக்கவில்லை என்றால் அதையும் எழுத்தில்தான் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: “அங்கே கடக்கிற கூட்டம் போதாது” என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புகிறார்கள். எவ்வளவு கூட்டம் இருந்தால் போதும்? (வாசகர், திருப்பூர்)

பதில்: இதற்குக் கணக்கு இருக்கிறது. சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் பாதசாரி வசதி நெறிமுறை (ஐ.ஆர்.சி. 103) சொல்வது இது: நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் கடப்போர் எண்ணிக்கையை, அதே மணி நேரத்தில் இரு திசையிலும் போகும் வாகன எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். நடுத்தடுப்பு இல்லாத ரோட்டில் விடை 10 கோடியைத் தாண்டினால் கடவை, அதாவது ஆட்கள் கடக்கக் கோடு போட்ட இடம் தேவை. நடுவே நின்று போக இடமுள்ள, தடுப்பு வைத்த ரோட்டில் 20 கோடி.

உதாரணமாக 150 பேர், 900 வாகனங்கள். 900-ஐ 900-ஆல் பெருக்கினால் 8,10,000. அதை 150-ஆல் பெருக்க 12 கோடியே 15 லட்சம் வருகிறது. தடுப்பில்லாத ரோட்டுக்கு இது போதும். வாகன எண்ணிக்கை வர்க்கமாவதால் அதில் சிறு பிழை நேர்ந்தாலும் விடை வெகுவாக மாறிவிடும்; அந்தப் பக்கம் எண்ணுகிறவர் கவனமாக இருக்க வேண்டும்.

நாலு பேர் போதும், திசைக்கு ஒருவர் வாகனத்துக்கு, பக்கத்துக்கு ஒருவர் ஆட்களுக்கு. காலை 7.30 முதல் 9.30, மாலை 4 முதல் 6. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் போட்டு, அடுத்தடுத்த நான்கு கட்டங்களின் வாகன, ஆள் தொகைகளை மேலே சொன்ன கணக்குப்படி பெருக்கிப் பார்த்து, எது பெரியதோ அதை எடுங்கள். சிறுவர், முதியவர், கைக்குழந்தையோடு வருபவர் ஆகியோரைத் தனிப் பத்தியில் குறியுங்கள். விடுமுறை நாளும் மழை நாளும் வேண்டாம்.

கணக்கு குறைந்தாலும் கதவு அடைபடாது. வாகனங்களின் வேகம் மணிக்கு 65 கி.மீ.க்கு மேல் இருப்பது, ஓராண்டில் பாதசாரிகள் ஐந்து பேராவது வாகனம் மோதிக் காயமடைந்திருப்பது, கடக்க அளவுக்கு மீறிக் காத்திருக்க நேர்வது என்று அதே நெறிமுறையில் வேறு வாசல்களும் உண்டு. காயங்களின் எண்ணிக்கையைக் காவல் துறையிடம் தகவல் உரிமை மனு போட்டு வாங்கலாம்.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ரோடு ஆபத்தாக இருப்பதாலேயே பாட்டி கடைக்குப் போவதை நிறுத்தியிருப்பார், பிள்ளையை அப்பா பைக்கில் கொண்டுபோய் விடுவார். அவர்கள் எண்ணிக்கையில் வரவே மாட்டார்கள். ஆகவே தெருவாரியாக எத்தனை பள்ளிப் பிள்ளைகள், எத்தனை முதியவர்கள் என்ற பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: கோடு போட்டுவிட்டார்கள். ஒரு வண்டியும் நிற்பதில்லை! (வாசகி, சேலம்)

பதில்: நிற்காது. பெயின்ட் வண்டியை நிறுத்தாது, வேகம் குறைந்தால்தான் வண்டி நிற்கும். 50 கி.மீ. வேகத்தில் வருபவர் பார்த்து, பிரேக் பிடித்து, நிற்க 60 மீட்டர் வேண்டும் என்று சாலை வடிவமைப்பில் கொள்கிறார்கள். 30 கி.மீ. என்றால் அதே 30 மீட்டரில் முடிகிறது. கடப்பவர் பக்கமிருந்தும் பாருங்கள்: 7 மீட்டர் ரோட்டை நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவர் தாண்ட ஒன்பது நொடி ஆகும். அதற்குள் 50 கி.மீ. வேக வண்டி 120 மீட்டர் வந்துவிடும். அவ்வளவு தூரம் காலியாக இருந்தால்தான் அவர் காலெடுத்து வைக்க முடியும்.

எனவே அடுத்த மனுவில் உயர்த்திய கடவையைக் கேளுங்கள். கடவை முழுவதையும் 10 செ.மீ. உயரத்துக்குத் தட்டையாக எழுப்பி, இருபுறமும் சரிவு கொடுத்து, மேலே கோடு போடுவது. நடப்பவரும் பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டியதில்லை. ஓரத்தில் மழைநீர் போக வழி விட்டிருக்கிறார்களா என்று வரைபடத்திலேயே பாருங்கள், இல்லையென்றால் முதல் மழையிலேயே இரு பக்கமும் குளமாகும். தேசிய நெடுஞ்சாலையில் இதற்கு ஒப்புதல் கிடைப்பது கடினம். அங்கே நடுத்தீவும் (ரோட்டின் நடுவே நின்று போகும் இடம்) சிக்னலும் கேட்பதே பலன் தரும்.

பஸ் நிறுத்தம் பக்கத்தில் இருந்தால் கடவை பஸ்ஸுக்குப் பின்னால் வர வேண்டும். முன்னால் இருந்தால், நிற்கும் பஸ்ஸை ஒதுக்கிக்கொண்டு வரும் பைக்குக்கு இறங்கி ஓடும் பிள்ளை கண்ணில் படாது. ஊர்களில் நடக்கும் மோதலில் இந்த மாதிரி அடிக்கடி திரும்ப வருகிறது, சரிசெய்ய ஆகும் செலவோ அநேகமாகப் பெயின்ட் செலவுதான். விளக்குக் கம்பம் கடவைக்கு நேர் மேலே வேண்டாம், வண்டி வரும் பக்கம் சற்று முன்னால் இருக்கட்டும். நடப்பவர் மேல் வெளிச்சம் விழுந்து ஓட்டுநருக்கு முகம் தெரியும்.

நான்கு வழிச் சாலையில் நடுத்தீவு குறைந்தது 1.2 மீட்டர் அகலம். சைக்கிளோடும் தள்ளுவண்டியோடும் நிற்க 2 மீட்டர் நல்லது. தடுப்பை நேராக வெட்டினால் பைக்குகள் யு-டர்ன் அடிக்கும். இரண்டு பாதிகளையும் சற்று விலக்கி, தீவுக்குள் இடப்பக்கம் திரும்பி நடந்து அடுத்த பாதியைக் கடக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். அப்போது எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடியே நடப்பார்கள்.

கோடு எதில் போட்டார்கள் என்றும் கேளுங்கள். சாதாரண பெயின்ட் சீக்கிரம் தேய்ந்துவிடும். 2.5 மி.மீ. தடிமனில் தெர்மோபிளாஸ்டிக் (சூடாக்கி உருக்கிப் பூசும் பிளாஸ்டிக் கலவை), அதன் மேல் சதுர மீட்டருக்கு 250 கிராம் கண்ணாடி மணிகள் என்பது அரசு விவரக்குறிப்பு. மணி தூவாத கோடு பகலில் பளிச்சென்று இருக்கும், இரவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் காணாமல் போகும். ரோடு புதிதாகப் போடும்போது கோடு தாருக்கடியில் போய்விடுவதால், மறுபடி வரைவது அந்த மதிப்பீட்டிலேயே இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

கேள்வி: நாங்களே பணம் போட்டு வேகத்தடை அமைக்கலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கூடாது. அனுமதியில்லாத தடையில் இரவில் யாராவது விழுந்தால் போட்டவர்கள் மேல் வழக்கு வரும். முறையான வேகத்தடை 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 செ.மீ. உயரம், மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஊரில் போடும் அரை அடி அகல மேடு முதுகெலும்பை ஆட்டும், ஆம்புலன்ஸை நிறுத்தும். பைக்கோ ஓரத்து மண்ணில் இறங்கி, நடப்பவர் இருக்கும் பக்கமே வரும்.

கேள்வி: மனுவில் சட்டம் ஏதாவது குறிப்பிடலாமா? (வாசகர், கோவை)

பதில்: இரண்டு போதும். கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 198-ஏ பிரிவு, வடிவமைப்பு, பராமரிப்புத் தரங்களைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அமைப்புக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. இவற்றைக் கடைசிப் பத்தியில் இரண்டு வரியில் எழுதினால் போதும். முதல் பக்கத்தில் கி.மீ. எண்ணும் எண்ணிக்கை அட்டவணையும் இருக்கட்டும்.