34 பல்லுக்கு வெட்கப்பட வேண்டாம்

சைக்கிள் கேள்வி பதில்
குன்னூரில் சைக்கிள் பட்டறை நடத்திக்கொண்டே அமெச்சூர் பந்தயங்களிலும் ஓட்டிவருபவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

அண்ணா, ஐ.டி.ஐ. முடித்து வேலையில் சேர்ந்திருக்கிறேன். முதல் ரோடு பைக் வாங்கப் போகிறேன். முன்னால் 53–39, பின்னால் 11–25 இருந்தால்தான் பந்தய வண்டி, 34 பல் எல்லாம் சுற்றுலா வருகிறவர்களுக்கு என்கிறார் எங்கள் குழுவின் மூத்தவர். எனக்கு இந்த வருடம் கல்லட்டி ஏறிவிட வேண்டும். எதை வாங்குவது?
— வாசகர், அருவங்காடு

தம்பி, மூத்தவர் சொல்வதைத் தள்ளிவிடாமல் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதுதான் கியர். 25 மில்லிமீட்டர் டயர் போட்ட சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். முன் பல்சக்கரத்தில் 39 பல், பின்னால் 25 பல் என்றால் ஒரு சுற்றுக்கு 3.28 மீட்டர். முன்னால் 34, பின்னால் 28 என்றால் 2.55 மீட்டர். இரண்டு பக்கமும் 34 என்றால் அதே 2.1 மீட்டர்.

இப்போது சாலைக்கு வருவோம். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் சுமார் 1,850 மீட்டரில். பர்லியார் வழியாக வரும் சாலை இந்த உயரத்தை நீண்ட தூரத்தில் நிதானமாக ஏறுகிறது. சராசரியாக 100 மீட்டருக்கு 5 மீட்டர் ஏற்றம். உங்களையும் வண்டியையும் தண்ணீரையும் சேர்த்து 79 கிலோ, காலில் 200 வாட் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் வரும். 39–25 கியரில் அது நிமிடத்துக்கு 76 சுற்று. நல்ல சுற்று. அந்தச் சாலையில் மூத்தவரின் பேச்சு எடுபடும்.

கல்லட்டியில் எடுபடாது. மசினகுடிப் பக்கமிருந்து தலைகுந்தா வரை 36 கொண்டை ஊசி வளைவுகள். பல இடங்களில் ஏற்றம் 10 சதவீதத்தைத் தாண்டும். அதே ஆள், அதே 200 வாட், 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 9 கிலோமீட்டரைத் தொடுவதே பெரிது. 39–25 கியரில் அது நிமிடத்துக்கு 46 சுற்று. ஒவ்வொரு மிதிக்கும் முழு உடம்பும் முட்டியில் வந்து நிற்கும். 34–28 போட்டால் 59 சுற்று. 34–34 போட்டால் 71. உட்கார்ந்தபடியே மூச்சைச் சீராக வைத்துக்கொண்டு ஏறுகிற சுற்று அதுதான். கியர் தீர்ந்துபோனவர்கள் சாலையின் குறுக்கே இங்கும் அங்குமாக வளைந்து வளைந்து ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். எதிரே பச்சைத் தேயிலை ஏற்றிய லாரி வரக்கூடிய சாலை இது. எனக்கு அந்தக் காட்சி பிடிப்பதே இல்லை.

34 பல்லில் கௌரவக் குறைச்சல் எதுவும் கிடையாது. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனம் தன் உச்ச வரிசையான டியூரா-ஏஸின் 12 வேக வகைக்கே (பின்னால் 12 பல்சக்கரம்) 11–34 கேசட், அதாவது பின் பல்சக்கரத் தொகுதி, செய்கிறது. தொழில்முறை ஓட்டக்காரர்களுக்காகச் செய்யப்படும் வரிசை அது. 1899இல் கல்லாறிலிருந்து குன்னூருக்கு ரயில் விட்டபோது, 12 அடிக்கு ஓர் அடி ஏறும் அந்தத் தூரத்துக்குத் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்துத்தான் போட்டார்கள். கல்லட்டி அதைவிடச் செங்குத்து.

ஆகவே முன்னால் 50–34, பின்னால் 11–32 அல்லது 11–34 வாங்குங்கள். சமதளத்தில் வேகம் குறைந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். 50–11 கியரில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 51 கிலோமீட்டர் தாண்டும். நம் மலைச்சாலையில் அதற்கு மேல் வேகம் வேண்டும் என்றால் இறக்கம்தான் தரும். அங்கே மிதிக்கவும் வேண்டாம்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பின் டிரெயிலியரில் குட்டைக் கூடு, நீளக் கூடு என்று இரண்டு வகை உண்டு. உதாரணமாக ஷிமானோவின் 11 வேக 105, ஆர்-7000 வரிசையின் குட்டைக் கூடு 30 பல் வரைதான் ஏற்கும். நீளக் கூடு 34 வரை ஏற்கும். இதைப் பார்க்காமல் பெரிய கேசட்டை மாட்டினால் மேல் உருளை பல்லில் உரசும். இன்னும் ஒன்று: மசினகுடிப் பக்கம் யானை நடமாட்டம் உள்ள காடு. நன்றாக விடிந்த பிறகு, ஆள் துணையோடு கிளம்புங்கள்.

ஐயா, இப்போது ஓட்டுவது 9 கிலோ அலுமினிய வண்டி. ஏழரைக் கிலோ கார்பன் வண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றே கால் லட்சம் கடன் வாங்க வேண்டியிருக்கும். கோத்தகிரி ஏற்றத்தில் எவ்வளவு நேரம் மிச்சமாகும்?
— வாசகர், அரவேணு

மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிக்கு உங்களுக்கு 1 மணி 50 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்கிறேன். 79 கிலோவில் ஒன்றரைக் கிலோ குறைந்தால், ஏற்றம் கேட்கும் உழைப்பில் சுமார் 2 சதவீதம் குறையும். காற்றும் டயரும் தடுக்கும் பங்கு எடையோடு அவ்வளவாகக் குறையாது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒன்றரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் மிச்சம்.

பந்தயத்தில் இரண்டு நிமிடம் பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அதே வண்டியில் இருக்கும் கெட்டியான சாதாரண டயர்களைக் கழற்றிவிட்டு நல்ல பந்தய டயர் இரண்டு போடுங்கள். உங்கள் ஏற்ற வேகத்தில் இரண்டு டயரும் சேர்ந்து 6, 7 வாட் மிச்சப்படுத்தும் என்பது என் கணக்கு. 200 வாட் மிதிக்கிறவருக்கு அது 3 சதவீதம். கார்பன் சட்டம் (ஃபிரேம்) தருவதைவிட அதிகம், அதுவும் கடன் இல்லாமல். சட்டத்தில் இடம் இருந்தால் 28 மில்லிமீட்டர் வாங்குங்கள். 23 மில்லிமீட்டர் டயரில் 120 பி.எஸ்.ஐ. காற்றடித்து ஓட்டிய காலம் போய்விட்டது. மழையில் ஜல்லி பெயர்ந்து கிடக்கும் நம் சாலையில் அப்படி அடித்தால் சக்கரம் துள்ளிக்கொண்டேதான் போகும். உங்கள் எடைக்கு 28 டயரில் 70 முதல் 75 பி.எஸ்.ஐ. போதும்.

சர்வதேசப் போட்டிகளிலேயே வண்டி 6.8 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது என்று 2000ஆம் ஆண்டு முதல் விதி இருக்கிறது. அந்த வரம்பை எட்டிப் பிடிப்பதற்காக நம் ஆட்கள் மாதத் தவணை கட்டுவதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. கடன் வாங்க வேண்டாம்.

என் மகனுக்கு 17 வயது. நண்பர் ஒருவரிடம் கார்பன் ரிம் சக்கரங்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்று நச்சரிக்கிறான். அவனுடைய வண்டியில் ரிம் பிரேக். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கிப் பயிற்சி செய்கிறவன். வாங்கித் தரலாமா?
— ஒரு தாய், வெலிங்டன்

அம்மா, வாங்கித் தராதீர்கள். மகன் கோபித்துக்கொண்டால் என் பட்டறைக்கு அனுப்பி வையுங்கள், காரணத்தை அவனிடம் கையில் கொடுத்தே காட்டுகிறேன்.

ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 70 கிலோ என்றால், 1,500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. நேர்ச்சாலையில் வேகமாக இறங்கினால் அதில் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். பர்லியார் சாலையில் அப்படி இறங்க முடியாது. வளைவுக்கு வளைவு பிரேக், பஸ்ஸுக்குப் பின்னால் பிரேக், குரங்குக் கூட்டத்துக்குப் பிரேக். அந்த வெப்பம் முழுவதும் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் பிறக்கிறது. அலுமினியம் சூட்டை உடனே பரப்பிக் காற்றில் விட்டுவிடும். கார்பன் இழைகளைப் பிணைத்திருப்பது பிசின். அதற்குச் சூட்டைக் கடத்தத் தெரியாது, ஓர் அளவுக்கு மேல் சூடேறினால் இளகிவிடும். உள்ளே ட்யூபின் காற்றழுத்தம் ரிம்மின் சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது அல்லவா? இளகிய இடம் புடைத்துக்கொள்ளும்.

அப்படிப் போன ரிம் ஒன்றைப் பட்டறை மேசையில் வைத்திருக்கிறேன். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பிரேக் பிடிக்கும் பரப்பில் கட்டைவிரலை வைத்து மெதுவாகச் சக்கரத்தைச் சுற்றினால், வால்வுக்குச் சற்றுத் தள்ளி ஓரிடத்தில் விரல் ஏறி இறங்கும். அரிசி மணி அளவு மேடு. அந்த இடத்தில் கறுப்பு பழுப்பாகியிருக்கும், நகத்தால் தட்டினால் மற்ற இடத்தில் 'டிக்' என்று கேட்பது அங்கே 'டொப்' என்று கேட்கும். அந்த மேட்டோடு இன்னொரு தடவை இறங்கினால் ட்யூப் வெடிக்கும். எந்த வளைவில் வெடிக்கும் என்பதை யாரும் சொல்ல முடியாது. பழைய சக்கரம் என்றால் முன்பு ஓட்டியவர் எத்தனை முறை சூடாக்கினார் என்பதும் நமக்குத் தெரியாது. போதாததற்கு, மழையில் கார்பன் ரிம் பிடிக்கவே நேரம் எடுக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர்ப் பக்கம் கொட்டும்போது அந்த ஒரு நொடி யாரிடமும் உபரியாக இல்லை.

டிஸ்க் பிரேக் வண்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை, சூடு ரிம்முக்கே வராது. மகன் அடுத்த வண்டி வாங்கும்போது டிஸ்க் வாங்கட்டும். அதுவரை அலுமினிய ரிம், புதிய பிரேக் கட்டைகள், புதிய கேபிள்கள். இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடியே வராமல், வளைவுக்கு முன்பு அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கச் சொல்லுங்கள். இடையில் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும்.

மழைக்காலத்தில் செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?
— வாசகர், கேத்தி

வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும்; கேத்திக் குளிரில் செயினில் மெழுகாக ஒட்டி மண்ணை இழுக்கும். மழைக்கென்று விற்கும் செயின் எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உருளைக்கு உள்ளே, வெளியே மினுங்குவது அழுக்குச் சேர்க்கத்தான்.

ஆசிரியையாக இருக்கிறேன், வயது 34. போன வருடம்தான் ரோடு பைக் ஓட்டத் தொடங்கினேன். ஏறுவதில் பயமில்லை. லவ்டேல் இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போகிறது, விரல் நுனிதான் பிரேக்கை எட்டுகிறது. சிறிய வண்டியாக மாற்றச் சொல்கிறார்கள்.
— வாசகி, ஊட்டி

வண்டியை மாற்ற வேண்டாம் அம்மா. பிரேக் பிடியின் ரப்பர் உறையைச் சற்று மடக்கிப் பாருங்கள், அல்லது பிடியின் முன்பக்கம் பாருங்கள். பெரும்பாலான பிடிகளில் ஒரு சிறிய திருகு இருக்கும். அதைத் திருகினால் பிரேக் நெம்பு ஹேண்டில்பாரை நோக்கி நெருங்கி வரும். விரலின் இரண்டாவது மடிப்பு நெம்பின் மேல் வந்து உட்கார வேண்டும். நெருக்கிய பிறகு முழுதாக அழுத்தினால் நெம்பு ஹேண்டில்பாரில் இடிக்கக்கூடாது, இடித்தால் கேபிளை இறுக்க வேண்டியிருக்கும். சில நிமிட வேலை. இதைச் சொல்லித் தராமலே பெண்களுக்கு வண்டி விற்கிறார்கள், எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

இறங்கும்போது கையை மேல்பிடியில் வைக்காமல் கீழ் வளைவில் வையுங்கள். அங்கிருந்து நெம்பின் நுனிப் பக்கம் கைக்குக் கிடைப்பதால் பாதி பலத்தில் அதே பிடிப்பு வரும். உடம்பும் தாழ்ந்திருக்கும், வண்டி நிலைத்து நிற்கும். தோள் அகலத்தைவிட ஹேண்டில்பார் அகலமாக இருந்தால் 38 சென்டிமீட்டர் பார் ஒன்று மாற்றிக்கொள்ளலாம். அதற்கு ஆகும் செலவு புது வண்டியின் செலவில் ஒரு துளி.

கோவையில் 20 நிமிடத்துக்கு 240 வாட் மிதிக்கிறேன். ஊட்டிக்கு வந்தால் பவர் மீட்டர் 215தான் காட்டுகிறது. மீட்டர் பழுதா?
— வாசகர், கோயம்புத்தூர்

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது, சமவெளியிலிருந்து வருகிறவருக்கு 10 சதவீதம் குறைவது இயல்பு. இன்னொன்று, மேட்டுப்பாளையத்தின் வெயிலிலிருந்து ஊட்டிக் குளிருக்கு வந்ததும் மீட்டரைப் பூஜ்ஜியத்துக்கு அமைத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை மாறினால் அளவு சற்று நகரும்.

பந்தயத்தன்று சட்டைப் பையில் என்னென்ன வைத்துக்கொள்வது?
— வாசகர், கட்டபெட்டு

ட்யூப் இரண்டு, டயர் நெம்பு, சிறிய பம்பு, பல வேலைக்கும் ஆகும் மடக்குக் கருவி (மல்டி-டூல்), உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி ஒன்று. 11 வேகக் கண்ணி 10 வேகச் செயினுக்கு ஆகாது, வாங்கும்போது சொல்லி வாங்குங்கள். டயர் கிழிந்தால் உள்ளே வைக்க, பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் காற்றுத் தடுப்புச் சட்டை. முன்னாலும் பின்னாலும் விளக்கு; பட்டப்பகலிலும் மூடுபனி இறங்கினால் சிவப்பு விளக்கு இல்லாத வண்டி பின்னால் வருகிற பஸ்காரர் கண்ணுக்குத் தெரியாது.

அத்துடன் டிரெயிலியர் மாட்டியிருக்கும் ஹேங்கர் துண்டு ஒன்றும் வேண்டும். வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான். மாடலுக்கு மாடல் வடிவம் வேறு, பக்கத்து ஆளிடம் கடன் கேட்டாலும் பொருந்தாது. வண்டி வாங்கும் அன்றே கூடுதலாக ஒன்று கேட்டு வாங்கி, சீட்டுக்கு அடியில் இருக்கும் பையில் போட்டு வையுங்கள்.