கேசான் எச்சரிக்கவில்லை என்றால் ஜேஐடி பத்திரமா?

கேள்வி: லினக்ஸ் கர்னலைக் கேசான் (KASAN, நினைவகத்தைத் தவறாகத் தொடுவதைக் கண்டுபிடிக்கும் கருவி) வசதியுடன் கம்பைல் செய்து, ஈபிபிஎஃப் (eBPF, கர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் வசதி) சோதனைகள் அனைத்தையும் ஓட்டினோம். ஓர் எச்சரிக்கையும் வரவில்லை. அந்த நிரல்களை ஓடும் நேரத்தில் இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் ஜேஐடி (JIT) கம்பைலர் உருவாக்கும் கோடு (code) நினைவகத்தைத் தவறாகத் தொடவில்லை என்று முடிவு கட்டலாமா?

பதில்: கூடாது. சி மொழிக் கோடில் ஒவ்வொரு லோடுக்கும் (நினைவகத்தைப் படித்தல்) ஸ்டோருக்கும் (நினைவகத்தில் எழுதுதல்) முன்னால் ஜிசிசி அல்லது கிளாங் கம்பைலர் செருகும் சரிபார்ப்புதான் கேசானின் கண். ஜேஐடி எழுதும் இயந்திரக் கட்டளைகளோ கர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போது பிறப்பவை. ஜிசிசி அவற்றைப் பார்ப்பதே இல்லை. ஜேஐடியே அந்தச் சரிபார்ப்பு அழைப்பைச் சேர்த்தால் ஒழிய, விடுவித்த நினைவகத்தைப் படித்தாலும் கர்னல் லாகில் ஒரு வரி விழாது.

ஆகவே முதலில் ஒரு தவறை வேண்டுமென்றே வையுங்கள். சாதாரண வழியில் வெரிஃபையர் (ஈபிபிஎஃப் நிரல்களை ஓட்டும் முன் சோதிக்கும் பகுதி) அதை விடாது. கர்னலோடு வரும் டெஸ்ட்-பிபிஎஃப் (test_bpf) மாட்யூல் வெரிஃபையரைத் தொடாமல் கட்டளைகளை நேரே ஜேஐடியிடம் கொடுப்பதால் அதுவே தோதான இடம். கர்னலில் நினைவகம் ஒதுக்கும் கேமல்லாக்கில் (kmalloc) 100 பைட் வாங்கி, அந்த முகவரியை ஈபிபிஎஃப் ரெஜிஸ்டர் ஆர்1-இல் அனுப்புங்கள். எந்த பைட்டைத் தொடலாம் என்று கேசான் குறித்து வைக்கும் நிழல் நினைவகத்தில் 8 பைட்டுக்கு 1 பைட் என்பது கணக்கு; 0 என்றால் எட்டையும் தொடலாம், 4 என்றால் முதல் நான்கை மட்டும். எனவே முதல் 12 நிழல் பைட்டுகள் 0, 13-ஆவது 4. இடம் 96-இல் 4 பைட் படித்தால் அமைதி, 8 பைட் படித்தால் அறிக்கை. 99-இல் 1 பைட் சரி, 100-இல் தவறு. பிறகு கேஃப்ரீ (kfree, நினைவகத்தை விடுவித்தல்) செய்துவிட்டு அதையே திரும்பப் படியுங்கள். ஸ்டோருக்கும் இதே வரிசை.

சோதனை வெளியீட்டில் 'ஜெஐடெட்: 1' (jited:1) என்று இருப்பதைக் கட்டாயம் பாருங்கள். 0 என்றால் ஓடியது, கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து நிறைவேற்றும் இன்டர்பிரட்டர். அது சி கோடு என்பதால் அறிக்கை ஒழுங்காக வரும். ஜேஐடி மட்டும் சோதிக்கப்படாமலே நிற்கும்.

கேள்வி: எக்ஸ்86-64 ஜேஐடியில் சரிபார்ப்பு அழைப்பைச் சேர்த்துவிட்டோம். தவறுகளைப் பிடிக்கிறது. ஆனால் சரியான நிரல்கள் சில தப்பான விடை தருகின்றன. ஏன்?

பதில்: அநேகமாக ரெஜிஸ்டர்கள் அழிகின்றன. ஈபிபிஎஃப் ஆர்0 முதல் ஆர்5 வரை முறையே ஆர்ஏஎக்ஸ், ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், இயந்திர ஆர்8 ஆகிய பிராசசர் ரெஜிஸ்டர்களில் குடியிருக்கின்றன. அழைக்கப்படும் ஃபங்ஷன் இவற்றை விருப்பம்போல் மாற்றலாம். சரிபார்க்கும் முகவரியே ஆர்டிஐ-யில் போவதால் ஆர்1 உடனே போய்விடும். ஜேஐடி தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இயந்திர ஆர்10, ஆர்11 இரண்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஈபிபிஎஃப் ஆர்6 முதல் ஆர்9 வரை கவலையில்லை; அவை இருக்கும் இயந்திர ரெஜிஸ்டர்களை அழைக்கப்படும் ஃபங்ஷனே காப்பாற்றித் தர வேண்டும்.

இதைச் சோதிக்க, ஆர்0 முதல் ஆர்9 வரை பத்து ரெஜிஸ்டர்களிலும் வெவ்வேறு 64 பிட் மதிப்பு நிரப்புங்கள். மேல் 32 பிட்டும் வேறுபடட்டும். ஒரே ஒரு ஸ்டோர் செய்து அத்தனையையும் ஒப்பிடுங்கள். லோடு என்றால் விடை விழும் ரெஜிஸ்டரை மட்டும் விட்டுவிடலாம். ஆஃப்செட் (அடிப்படை முகவரியிலிருந்து தள்ளியிருக்கும் தூரம்) 127, 128, -128, -129 நான்கையும் சோதியுங்கள்: முகவரிக் குறியீடு 1 பைட்டிலிருந்து 4 பைட்டுக்கு மாறும் எல்லை அங்கேதான்.

எழுதப்பட்ட மதிப்பையும் திரும்பப் படித்துப் பாருங்கள். ஆர்1, ஆர்2-இலிருந்து ஒரு பைட் ஸ்டோர் செய்யும்போது கட்டளைக்கு முன் வரும் ரெக்ஸ் (REX) முன்னொட்டு விட்டுப்போனால், பிராசசர் அவற்றுக்குப் பதிலாக பிஹெச், டிஹெச் (BH, DH) ரெஜிஸ்டர்களை எடுத்து எழுதிவிடும். முகவரி சரியாகவே இருப்பதால் கேசான் இதைச் சொல்லவே சொல்லாது.

கேள்வி: கேசானின் முதல் அறிக்கைக்குப் பிறகு எதுவும் வருவதில்லையே?

பதில்: அது இயல்பான அமைப்பு. பூட் வரியில் 'கேசான் மல்டி ஷாட்' (kasan_multi_shot) அளவுருவைச் சேர்த்தால் ஒவ்வொரு தவறுக்கும் அறிக்கை வரும்.